தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தால் நோயாளிக்கு என்ன லாபம்?

ஐசியுவில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலமே ஆன ஒரு டாக்டரின் கேள்வி இது: "சீனியர்கள் எல்லாரும் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு மாநாடு, ஒரு ஜர்னல், பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து. இதற்கு மேல் அந்தச் சங்கத்தால் நோயாளிக்கு ஏதாவது நடக்கிறதா?"

நடக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றின் வழியாக அவ்வளவாக இல்லை. ஐசியுவில் நாம் செய்கிற பல காரியங்கள் நோயாளிக்கு நல்லது செய்கின்றனவா, கெடுதல் செய்கின்றனவா என்பது படுக்கையருகே நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. இருபது வருஷ அனுபவம் இருந்தாலும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள பல ஊர் ஐசியுக்கள் சேர்ந்து, ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான நோயாளிகளை எண்ண வேண்டும். அப்படி எண்ண வைப்பதுதான் சங்கத்தின் முதல் வேலை என்பது என் கட்சி. எண்ணிப் பார்த்த பிறகு, தான் முன்பு சொன்னதே தவறு என்று தெரிந்தால் அதை வெளிப்படையாகத் திரும்பப் பெறுவது இரண்டாவது வேலை.

நம் துறை பிறந்த விதத்தைப் பார்த்தாலே சங்கத்தின் தேவை புரியும். இதயத்துக்கு ஒரு துறை, சிறுநீரகத்துக்கு ஒரு துறை இருக்கிறது. நமக்கென்று ஓர் உறுப்பு இல்லை. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்து செயற்கை மூச்சுக் கருவியில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அங்கிருந்த கருவிகளும் ஒரு கை விரல்களைச் சற்றே தாண்டும் அளவுதான். பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் நிபுணரை அழைத்தார்கள். அறுவை அரங்கில் தான் தினமும் செய்வதையே அவர் வார்டில் செய்தார்: தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் போட்டு, பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்தார். சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் பையை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே வந்தது. மயக்கவியலும் தொற்றுநோய் வார்டும் ஒரே படுக்கையில் சந்தித்த அந்த இடத்தில்தான் நம் துறை தொடங்கியது.

அதனால்தான் ஆரம்பத்திலிருந்தே இது யாருக்கும் முழுசாகச் சொந்தமில்லாத பிள்ளை. 1970இல் லாஸ் ஏஞ்சலிஸில் 28 மருத்துவர்கள் கூடி அமெரிக்கச் சங்கத்துக்கு அடித்தளம் போட்டார்கள். முன்னின்று நடத்தியவர்களில் பீட்டர் சாஃபர் மயக்கவியல் நிபுணர், மேக்ஸ் ஹாரி வைல் பொது மருத்துவத்திலிருந்து வந்தவர், வில்லியம் ஷூமேக்கர் அறுவை மருத்துவர். மூவரும் அதுவரை மூன்று வேறு மாநாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அதே ஆண்டில் பிரிட்டனில் ஒரு சங்கம் தொடங்கியது. 1975இல் ஆஸ்திரேலியா–நியூசிலாந்து, 1982இல் ஐரோப்பா, 1993இல் இந்தியா என்று வரிசையாக மற்றவை வந்தன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செப்சிஸ் என்பது நோய்த்தொற்று முற்றி உடலின் உறுப்புகளையே பாதிக்கும் ஆபத்தான நிலை. இரண்டு ஆஸ்பத்திரிகள் 'எங்களிடம் செப்சிஸ் இறப்பு குறைவு' என்று சொன்னால், இருவரும் எதைச் செப்சிஸ் என்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். அதற்கு ஒரு பொது வரையறை வேண்டும். 1991இல் இரண்டு அமெரிக்கச் சங்கங்கள் கூடி ஒன்றை வகுத்தன. காய்ச்சல் அல்லது உடல் சில்லிட்டுப் போதல், நாடி 90க்கு மேல், மூச்சு 20க்கு மேல், வெள்ளை அணுக்கள் கூடுதல் அல்லது குறைவு. இந்த நான்கில் இரண்டு இருந்து, கூடவே நோய்த்தொற்றும் இருந்தால் செப்சிஸ். மூன்று மாடி வேகமாக ஏறி வந்தவருக்கே நாடியும் மூச்சும் இந்த எல்லையைத் தாண்டிவிடும் என்ற கிண்டல் அப்போதிலிருந்தே உண்டு. ஆனால் கிண்டலை வைத்து வரையறையை மாற்ற முடியாதே.

மாற்றியது கணக்குதான். ஆஸ்திரேலியா–நியூசிலாந்து சங்கம் தன் ஐசியுக்களில் சேரும் நோயாளிகளின் விவரங்களை ஒரே பதிவேட்டில் சேர்த்து வருகிறது. 2000 முதல் 2013 வரை 172 ஐசியுக்களில் நோய்த்தொற்றோடு உறுப்புச் செயலிழப்பும் இருந்த 1,09,663 பேரின் விவரங்களை அதிலிருந்து எடுத்து 2015இல் ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு அந்த நான்கில் இரண்டு அறிகுறிகள்கூட இல்லை. அவர்கள் நோயாளிகள்தான், உறுப்புகள் செயலிழந்துகொண்டிருந்தன, இறக்கவும் செய்தார்கள். பழைய வரையறையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் அவர்கள் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்க, ஐரோப்பியச் சங்கங்கள் சேர்ந்து வரையறையை மாற்றி, உறுப்புச் செயலிழப்பை மையமாக வைத்தன. ஒரு சங்கம் வகுத்ததை இன்னொரு சங்கத்தின் பதிவேடு சோதித்துப் பார்த்தது, பிறகு எல்லாருமாகத் திருத்தினார்கள். நாலு எழுத்துப் பட்டத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பதிவேட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. உங்கள் ஐசியுவில் நூற்றுக்கு இருபது பேர் இறக்கிறார்கள், பக்கத்து ஆஸ்பத்திரியில் எட்டுப் பேர் என்றால் நீங்கள் மோசம் என்று அர்த்தமில்லை. உங்களிடம் வருகிறவர்கள் அதிகம் முற்றிய நிலையில் வரலாம். சேரும்போது இருந்த நோய்க்கடுமையை வைத்து எத்தனை பேர் இறப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம், உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பதிவேடு ஒப்பிட்டுச் சொல்லும். எந்த நிர்வாகமும் தானாக முன்வந்து இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளாது. வெளியிலிருந்து ஒருவர் கேட்க வேண்டும்.

அடுத்தது ஆய்வு. சங்கத்தின் மேல் எனக்கு மரியாதை வந்த கதை இங்கேதான் இருக்கிறது.

2001இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், ஒரே ஓர் அறுவை ஐசியுவில் 1,548 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ரத்த சர்க்கரையை இன்சுலினால் 80 முதல் 110க்குள் இறுக்கிப் பிடித்தபோது ஐசியு இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகக் குறைந்தது. கிட்டத்தட்டப் பாதி! ஐசியு மருத்துவத்தில் இப்படி ஒரு முடிவு வருவது அபூர்வம். உலகமே பின்பற்றத் தொடங்கியது. அது நடைமுறையில் எப்படி இருந்தது என்றால், இரவு டியூட்டி நர்ஸ் மணிக்கொரு தரம் விரலைக் குத்தி சர்க்கரை பார்ப்பார். 118 என்றால் இன்சுலின் டிரிப்பை ஒரு புள்ளி கூட்டுவார், 84 என்றால் குறைப்பார், சார்ட்டில் எழுதுவார், அடுத்த படுக்கைக்குப் போவார். விடியும்போது சார்ட் அழகாக இருக்கும். ரவுண்ட்ஸில் எல்லாருக்கும் திருப்தி.

ஆஸ்திரேலியா–நியூசிலாந்து சங்கத்தின் ஆய்வுக்குழுவும் கனடாவின் தீவிர சிகிச்சை ஆய்வுக்குழுவும் மற்றவர்களும் கைகோத்து இதையே 42 ஆஸ்பத்திரிகளில், 6,104 பேரிடம் சோதித்தார்கள். 2009இல் முடிவு வந்தது. இறுக்கிப் பிடித்தவர்களில் 90 நாளுக்குள் 27.5 சதவீதம் பேர் இறந்தார்கள். 180க்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்டவர்களில் 24.9 சதவீதம். சர்க்கரை 40 அல்லது அதற்கும் கீழே சரிந்தவர்கள் முதல் குழுவில் 6.8 சதவீதம், இரண்டாவதில் 0.5 சதவீதம்.

அந்த 2.6 சதவீத வித்தியாசத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆண்டுக்கு 500 பேர் சேரும் ஓர் ஐசியு இந்த ஆய்வைத் தனியாக நடத்தினால் பன்னிரண்டு வருஷம் பிடிக்கும், அதுவும் சேருகிற ஒவ்வொருவரும் ஆய்வுக்குத் தகுதியாக இருந்தால். அதற்குள் டாக்டர்கள் மாறியிருப்பார்கள், மருந்துகள் மாறியிருக்கும். நல்லது செய்கிறோம் என்று நம்பிக்கொண்டு, நாற்பது பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாக இழந்துகொண்டிருந்திருப்போம். சார்ட் மட்டும் அழகாகவே இருந்திருக்கும்.

அதே ஆஸ்திரேலியா–நியூசிலாந்து குழு அதற்கு முன்பே, நோயாளிக்கு ஏற்ற வேண்டியது அல்புமின் என்ற ரத்தப் புரதம் கலந்த திரவமா, சாதாரண உப்பு நீரா என்ற பழைய சண்டையையும் 2004இல் தீர்த்து வைத்திருந்தது. ஏறக்குறைய 7,000 நோயாளிகள். 28 நாளில் அல்புமின் கொடுத்தவர்களில் இறந்தவர்கள் 726 பேர், உப்பு நீர் கொடுத்தவர்களில் 729 பேர். அல்புமின் உப்பு நீரைவிடப் பல மடங்கு விலை. இப்படி ஓர் ஆய்வுக்குச் செலவழிக்க எந்த மருந்து கம்பெனிக்கு ஆர்வம் இருக்கும், சொல்லுங்கள்.

மருந்து கம்பெனி என்றதும் சங்கங்களின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். 2002இல் ஐரோப்பிய, அமெரிக்கச் சங்கங்களும் இன்னோர் அமைப்பும் சேர்ந்து செப்சிஸ் இறப்பைக் குறைக்க ஒரு பெரிய இயக்கத்தைத் தொடங்கின. 2004இல் அதன் முதல் வழிகாட்டுதல் வெளிவந்தது. இறக்கும் அபாயம் மிகுந்த நோயாளிகளுக்கு ஆக்டிவேட்டட் புரோட்டீன் சி என்ற புது மருந்தை அது பரிந்துரைத்தது. அந்த மருந்தைத் தயாரித்த எலி லில்லி கம்பெனிதான் இயக்கத்துக்குப் பெருமளவு பணமும் கொடுத்திருந்தது. 2006இல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் இதைச் சிலர் நேரடியாகவே கேள்வி கேட்டார்கள். 2008 பதிப்புக்கு மருந்து கம்பெனிப் பணம் வாங்கவில்லை. 2011 அக்டோபரில், புதிய ஆய்வில் பலன் தெரியாததால் மருந்தே சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. 2012 பதிப்பில் அந்தப் பரிந்துரை இல்லை.

இதைக் காட்டி "பார்த்தீர்களா, எல்லாம் வியாபாரம்" என்று கைகழுவுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனி டாக்டர் ஒருவர் கம்பெனி செலவில் வெளியூர் போய்வந்து மருந்து எழுதினால் அது யாருக்கும் தெரியாமலே போகும். சங்கம் எழுதியது அச்சில் இருந்தது, பணம் யாருடையது என்பது தெரிந்தது, அதனால் கேள்வி கேட்க முடிந்தது, திருத்தவும் முடிந்தது. மாநாட்டு அரங்கின் வாசலில் கம்பெனி ஸ்டால்கள் வரிசைகட்டி நிற்பது எனக்கும் பிடிக்காதுதான். ஆனால் ஸ்டாலைவிட முக்கியமானது வழிகாட்டுதலின் கடைசிப் பக்கங்கள். யார் யாரிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள், எந்த வாக்கெடுப்பிலிருந்து யார் விலகி நின்றார்கள் என்று அங்கே இருக்கும். இளையவர்கள் யாரும் அதைப் புரட்டுவதில்லை.

வழிகாட்டுதலைப் படிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: ஒவ்வொரு பரிந்துரையும் வலுவானதா, வலுக்குறைந்ததா என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். செப்சிஸில் ரத்த ஓட்டம் குறைந்தவருக்கு முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி திரவம் என்பது 2016இல் வலுவான பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.8 லிட்டர். 2021இல் அதே அளவு அப்படியே நீடித்தது, ஆனால் வலுக்குறைந்த பரிந்துரையாக இறக்கப்பட்டது. அந்த ஒரு சொல் மாற்றத்தின் பொருள், 'நோயாளியைப் பார்த்து முடிவெடு' என்பது. இதைக் கவனிக்காமல் 1.8 லிட்டரை ஏற்றியே தீருவேன் என்று நிற்கிறவர் சங்கத்தைப் பின்பற்றவில்லை.

வசதியுள்ள நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டுதல் எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்பதும் திறந்த கேள்விதான். உகாண்டா, கென்யா, டான்சானியாவில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. வேகமாகத் திரவம் ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் இறந்தார்கள். ஏற்றாத குழந்தைகளில் 7.3 சதவீதம். வென்டிலேட்டரும் ஐசியுவும் இல்லாத இடங்கள் அவை. 2017இல் ஜாம்பியாவில் ரத்த அழுத்தம் இறங்கிய செப்சிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்விலும் இதே கதைதான்: நெறிமுறைப்படி திரவமும் ரத்த அழுத்த மருந்தும் கொடுக்கப்பட்டவர்களில் 48.1 சதவீதம் பேர் இறந்தார்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 33 சதவீதம். பிறகு 2020இல் சங்கங்கள் குழந்தைகளுக்கென வெளியிட்ட வழிகாட்டுதலில், ஐசியு வசதி இல்லாத இடங்களில் ரத்த அழுத்தம் இறங்காத குழந்தைக்கு வேகமாகத் திரவம் ஏற்ற வேண்டாம் என்று தனியாகவே எழுதினார்கள். ஒன்பது வருஷ தாமதம் என்று குறை சொல்லலாம், நானும் சொல்வேன்.

இதுவரை டாக்டர்களைப் பற்றியே பேசிவிட்டேன். ஐசியுவில் நோயாளியோடு அதிக நேரம் இருப்பவர் நர்ஸ். அமெரிக்கச் சங்கத்தில் நர்ஸ், மருந்தாளுநர், சுவாச சிகிச்சையாளர் எல்லாரும் முழு உறுப்பினர்கள். இது வெறும் மரியாதை சம்பந்தப்பட்டது என்று நினைக்காதீர்கள். தூக்க மருந்தைக் குறைத்து நோயாளியைச் சீக்கிரம் எழுப்பி உட்கார வைக்கும் நடைமுறையை அந்தச் சங்கம் பல ஐசியுக்களுக்குக் கொண்டுபோனது. காலையில் மருந்தை நிறுத்துவது நர்ஸ். கண் திறந்தவர் பதறி டியூபைப் பிடுங்காமல் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவதும் அவர்தான். வாயில் டியூபோடு ஒருவரைக் கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்கார வைக்க பிசியோதெரபிஸ்ட் ஒருவர் முதுகைத் தாங்க வேண்டும், இன்னொருவர் வென்டிலேட்டர் குழாயைப் பிடிக்க வேண்டும், மூன்றாமவர் மானிட்டரைப் பார்க்க வேண்டும். டாக்டர் உத்தரவு எழுதினால் மட்டும் இதில் எதுவும் நடக்காது. 68 ஐசியுக்களில் 15,000க்கும் மேற்பட்டோரைக் கவனித்ததில், இந்த நடைமுறைகளில் எவ்வளவு அதிகம் செய்யப்பட்டதோ அவ்வளவுக்கு மனக்குழப்பமும் கைகால் கட்டிப்போடுவதும் இறப்பும் குறைந்திருந்தன. 2019இல் வெளியான முடிவு இது.

செய்ய வேண்டாம் என்று சொல்வதும் சங்கத்தின் வேலை. 2014இல் அமெரிக்காவின் நான்கு தீவிர சிகிச்சை அமைப்புகள் ஐந்து விஷயங்களைத் தவிர்க்கச் சொன்னன. தேவை இல்லாமல் தினப்படி ரத்தப் பரிசோதனை எழுதாதீர்கள். ரத்தக்கசிவு இல்லாமல் நிலையாக இருப்பவருக்கு ஹீமோகுளோபின் 7க்கு மேல் இருந்தால் ரத்தம் ஏற்றாதீர்கள். ஆழ்ந்த மயக்கத்தில் காரணமின்றி வைக்காதீர்கள். போதிய ஊட்டச்சத்தோடு வந்தவருக்கு முதல் ஏழு நாளில் ரத்த நாளம் வழி உணவு வேண்டாம். பிழைக்க வாய்ப்பு மிகக் குறைந்தவருக்கு, வலி நீக்கி நிம்மதி தரும் சிகிச்சை என்ற வழியும் இருக்கிறது என்று குடும்பத்திடம் சொல்லாமலே உயிர்காப்புக் கருவிகளைத் தொடராதீர்கள்.

கடைசியாகச் சொன்னதில் தனி டாக்டரால் ஓரளவுக்கு மேல் போக முடியாது, ஏனென்றால் அங்கே சட்டம் வந்துவிடுகிறது. இதற்கு இந்தியச் சங்கம் நல்ல உதாரணம். தன்னால் பேச முடியாத நிலை வந்தால் என்ன சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்பே எழுதிவைக்கும் மருத்துவ உயிலை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது, ஆனால் வழிமுறை கடினமாக இருந்தது. உயிலில் நீதித்துறை நடுவர் கையெழுத்துப் போட வேண்டும், பரிசீலிக்கும் மருத்துவர்களுக்கு இருபது வருஷ அனுபவம் வேண்டும் என்றெல்லாம் இருந்தது. நடைமுறையில் யாராலும் பயன்படுத்த முடியவில்லை. சங்கம் மீண்டும் நீதிமன்றத்துக்குப் போனது. 2023 ஜனவரியில் வழிமுறை தளர்த்தப்பட்டது: நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்று போதும், மருத்துவர்களுக்கு ஐந்து வருஷ அனுபவம் போதும், குழு கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இரவு டியூட்டியில் இருக்கும் ஒருவர் தனியாக வழக்குப் போட்டு இதை வாங்கியிருக்க முடியாது.

பயிற்சி பற்றி சுருக்கமாகச் சொல்கிறேன். சங்கச் சான்றிதழும் அரசு அங்கீகரிக்கும் பட்டமும் ஒன்றல்ல. எந்த நாட்டில் எது செல்லும் என்று விசாரித்துவிட்டுப் படியுங்கள். சங்கப் பயிற்சிகளில் எனக்குப் பிடித்தது ஐசியு நிபுணர் அல்லாதவர்களுக்காக நடத்தப்படும் இரண்டு நாள் அடிப்படை வகுப்புதான். முதல் சில மணி நேரம் நோயாளி நம்மிடம் இருப்பதில்லை, அவர்களிடம்தான் இருக்கிறார். கோவிட் வந்தபோது தோல் மருத்துவரும் எலும்பு மருத்துவரும் வென்டிலேட்டர் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. அப்போது கைகொடுத்தவை இந்த மாதிரிப் பாடங்களும், 2020 மார்ச்சிலேயே சங்கங்கள் அவசரமாக வெளியிட்ட வழிகாட்டுதலும்தான்.

சேரலாமா என்று கேட்டால், சேருங்கள். ஆனால் சேர்ந்த கையோடு மாநாட்டு டிக்கெட் போடாதீர்கள். உங்கள் நாட்டில் ஐசியு பதிவேடு இருக்கிறதா, உங்கள் யூனிட் அதில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். விவரங்களை நிரப்பும் வேலை அலுப்பானது, அநேகமாக உங்கள் தலையில்தான் விழும், பெயரும் எங்கேயும் வராது. கூடவே உங்கள் ஐசியு நர்ஸ்களில் ஒருவரையாவது சேரச் சொல்லுங்கள். அவர்களுக்கு அதில் இடம் கிடையாது என்று உங்கள் சங்கம் சொன்னால், ஏன் என்று பொதுக்குழுவில் எழுந்து கேட்க உறுப்பினர் அட்டை உதவும்.